அடியும் பிடியும்: மற்போர்ப் பயிற்சியில் தாக்குதலின் இடம் – ஒரு சொல்வரலாற்று நோக்கு

முன்னுரை

புணே நகரின் பழைய பேட்டைகளில் 'தாலீம்' என்னும் பெயர் இன்றும் தெருப்பெயராகவும் சந்திப்பெயராகவும் வழங்குகிறது. கால்கர் தாலீம், நகர்கர் தாலீம், சிஞ்சேச்சி தாலீம் என்பன அவற்றுட் சில. இவை யாவும் குஸ்திப் பயிற்சிக் கூடங்களால் ஏற்பட்ட பெயர்கள். இக்கூடங்களில் செம்மண் களத்தில் பயிலப்பெறும் குஸ்தியில் பிடித்தல், தூக்குதல், புரட்டுதல், வீழ்த்துதல் ஆகியன உண்டு. குத்துதலும் உதைத்தலும் இல்லை. இதனை மற்போரின் இயல்பு என்றே இன்று பலரும் கொள்கின்றனர். ஆனால் தமிழ், வடமொழி இலக்கியங்களில் வரும் மற்போர் வருணனைகளை நோக்கின், அவற்றில் அடியும் பிடியும் ஒரே போரின் இரு கூறுகளாகவே காணப்பெறுகின்றன. ஆகவே இவ்விரண்டும் எங்கு, எக்காரணத்தால் பிரிந்தன என்னும் வினா எழுகிறது.

இவ்வினா பழமை ஆய்வோடு முடிவதன்று. குஸ்தி பயின்ற இளைஞர்கள் தாக்குதலும் பிடியும் இணைந்த புதுவகைப் போட்டிகளுக்குச் செல்லும் காலம் இது. பிடிப்பயிற்சியில் தாக்குதலை மீண்டும் சேர்க்கலாமா, சேர்ப்பின் எவ்வாறு என்பது பயிற்றுவோர் முன் நிற்கும் நடைமுறைச் சிக்கல். இதற்கு நம் மரபுகள் முன்பே சில விடைகளைக் கண்டுள்ளன. அவ்விடைகளின் சுவடுகள் சொற்களில் தங்கியுள்ளன. புணேயை நடுவாகக் கொண்டு, தமிழ், மராத்திச் சொல்வழக்குகளின் துணையுடன் அவற்றைத் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மல் என்னும் சொல்

'மல்' என்பதற்குத் தமிழில் வலிமை, மற்போர் என்னும் இரு பொருள்களும் உண்டு. மல்லன், மற்போர், மல்லாடல், மல்லுக்கட்டு என்பன இதனடியாகப் பிறந்தவை. வடமொழியில் 'மல்ல' என்பது மற்போர் வீரனையும், புத்தர் காலத்தில் குசிநகரம், பாவா ஆகிய ஊர்களைத் தலைமையிடங்களாகக் கொண்டிருந்த ஓர் இனக்குழுவையும் குறிக்கும். இச்சொல் எம்மொழிக்குரியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அஃது இங்கு முதன்மையானதன்று. இரு மரபுகளிலும் இச்சொல் போரிடும் முறையைக் குறியாது, போரிடுவோனின் ஆற்றலையே குறிக்கிறது என்பதே இங்கு நோக்கத்தக்கது. பிடித்தல் மட்டுமே மல் என்னும் வரையறை இச்சொல்லினுள் இல்லை.

அரசர்தம் விருதுப்பெயர்களும் இப்பொதுமையைக் காட்டுகின்றன. வாதாபியை வென்ற பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மகாமல்லன்' எனப்பட்டான். மாமல்லபுரம் அப்பெயரால் அமைந்தது. கல்யாணிச் சாளுக்கியருள் முதலாம் சோமேசுவரன் 'ஆகவமல்லன்'. சோழர் மெய்க்கீர்த்திகள் அவனை இப்பெயராலேயே சுட்டுகின்றன. மூன்றாம் சோமேசுவரன் 'பூலோகமல்லன்' என்னும் விருதுப்பெயர் கொண்டவன். இவ்விருதுகளில் மல்லன் என்பது போரில் ஒப்பாரில்லாதவன் என்னும் பொருளிலேயே வந்துள்ளது.

அமரகோசம் 'நியுத்தம்' என்பதற்குப் 'பாகுயுத்தம்', அதாவது தோள்போர், எனப் பொருள் தருகிறது. ஆயுதமின்றிக் கையால் பொருதல் என்பதே இதன் எல்லை. அக்கை பிடிக்குமா, குத்துமா என்னும் வேறுபாட்டை இச்சொல்லும் செய்யவில்லை.

2. இலக்கியம் காட்டும் மற்போர்

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை; பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. முக்காவனாட்டு ஆமூர் மல்லனை அவன் பொருது வென்ற நிகழ்ச்சி 80ஆம் பாடலில் விவரிக்கப்பெறுகிறது. எதிரியின் மார்பில் ஒரு கால் அழுத்த, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுக்க நிற்பதாகப் புலவர் காட்டும் நிலை, குஸ்தி அறிந்தோர் எளிதில் இனங்காணும் பிடிநிலையே. அதே பாடலின் இறுதிப் பகுதியில் எதிரியின் உடல் முறியும்படி செய்த செயலைக் குறிக்க 'எற்றி' என்னும் வினையெச்சம் வருகிறது. எற்றுதல் என்பதற்கு எறிதல், அடித்தல், உதைத்தல், மோதுதல் என்னும் பொருள்கள் உள. பிடித்து அடக்கியவன் அந்நிலையிலிருந்தே மோதுகிறான். புலவர்க்கு இவை இரு போர்கள் அல்ல.

பட்டினப்பாலை புகார்க் கடற்கரையின் மணல்மேட்டில் நிகழும் போரைக் காட்டுமிடத்தில், கையாலும் படைக்கலத்தாலும் உடல் தீண்டிப் பொருதும் வலியோரைச் சுட்டுகிறது. அவ்விடத்துக்கு அது தரும் பெயர் 'களரி'. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் 'மல்' ஒன்று. கண்ணன் வாணனொடு பொருத செயலை அஃது ஆடிக்காட்டுவது. கம்பராமாயணத்தில் வாலியும் சுக்கிரீவனும் பொருமிடத்துக் குத்தும் உதையும் கட்டிப் புரளுதலும் மாறிமாறி வருகின்றன. வில்லிபாரதத்தின் விராட பருவத்தில் 'மற்போர்ச் சருக்கம்' எனத் தனிப்பகுதியே உண்டு.

அவ்விராட பருவ நிகழ்ச்சியின் வடமொழி மூலத்தில், சமையற்காரனாக மறைந்து வாழும் வீமன் சீமூதன் என்னும் மல்லனொடு பொருகிறான். பரவலாக வழங்கும் பாடங்களில் இழுத்தல், தள்ளுதல், தூக்கியெறிதல் ஆகியவற்றோடு முட்டி, உள்ளங்கை, முழங்கால், தலை ஆகியவற்றால் தாக்குதலும் ஒரே வரிசையில் அடுக்கப்பெற்றுள்ளன. மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பு புணேயிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவெய்தியது. வீமன் சராசந்தனொடு பொருத வரலாறும், சீமூதனை வென்ற வரலாறும் அந்நகரிலேயே சுவடிகள் ஒப்பிடப்பெற்று அச்சேறின. அந்நிறுவனம் இருக்கும் அதே ஊரின் தாலீம்களில் பயிலப்பெறும் மற்போரோ தாக்குதலை நீக்கியது. ஏட்டு மரபுக்கும் களமரபுக்கும் இடையே உள்ள இத்தொலைவை விளக்க வேண்டியுள்ளது.

3. அரசவையும் களமும்

மேலே குறித்த பூலோகமல்லனாகிய மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' (கி.பி. 1129) நூறு அதிகாரங்கள் கொண்ட கலைக்களஞ்சியம் போன்றதொரு வடமொழி நூல். அதன் 'மல்லவிநோதம்' என்னும் பகுதி மல்லர்களை வகைப்படுத்தி, அவர்தம் உணவையும் பயிற்சியையும் கூறுகிறது. சுமை தூக்கும் பாரசிரமம், நடக்கும் பிரமணசிரமம், நீந்தும் சலிலசிரமம், கையோடு கை பொருதும் பாகுபேல்லணக சிரமம், தூணில் ஏறிப் பயிலும் ஸ்தம்பசிரமம் என ஐவகைப் பயிற்சிகள் அதில் இடம்பெறுகின்றன. மல்லர் அரசனால் ஊட்டி வளர்க்கப்பெற்றோர். அவர்தம் போர் அரசவையின் விநோதம்.

குசராத்தின் மோடேராவை இடமாகக் கொண்ட 'மல்லபுராணம்' ஜேஷ்டிமல்லர் என்னும் மரபினரின் நூல். 1964இல் பரோடாவிலிருந்து சாண்டேசராவும் மேத்தாவும் அதனைப் பதிப்பித்தனர். நிம்பஜா அல்லது லிம்பஜா என்னும் தெய்வத்தை வழிபடும் இம்மரபினர் கன்னட நாட்டில் 'ஜெட்டி' எனப்படுகின்றனர். மைசூரில் தசராவின் நிறைவுநாளாகிய விசயதசமியன்று அரண்மனைக்களத்தில் நிகழும் 'வஜ்ரமுஷ்டி காளக' இவர்களுக்குரியது. விரல்களில் கூர்முனை கொண்ட கைக்கருவி பூண்ட இருவர் பொருவர். ஒருவர் தலையில் குருதி துளிர்த்தவுடன் போர் நிறுத்தப்பெறும். இங்கு அடியும் பிடியும் பிரியவில்லை. எதிரியின் கையைப் பற்றுவதும் விலக்குவதும் தாக்குவதற்கு வழிசெய்யவே. மராத்தியராகிய கெய்க்வாடர் ஆண்ட பரோடாவிலும் இவ்வகைப் போர் நிகழ்ந்ததை, 1860களில் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் லூயி ரூசலே விவரித்துள்ளார்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்துச் சான்று விசயநகரத்திலிருந்து கிடைக்கிறது. கிருட்டிணதேவராயர் காலத்தில் அந்நகருக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயிஸ், மகாநவமி விழாவில் நடந்த மற்போரைக் கண்டார். பல் உடையவும் கண் கெடவும் அங்கே அடி விழுந்தது என்றும், களத்தில் தலைவர்களும் நடுவர்களும் இருந்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார். சில ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நூனிசும், மல்லர் கையில் கூர்முனை வளையங்களைக் கொண்டு ஒருவரையொருவர் காயப்படுத்துவதைக் குறிப்பிடுகிறார். இது தம் நாட்டு மற்போர் போன்றதன்று என இருவருமே வியந்து கூறுவது மொழியியல் நோக்கில் முதன்மையானது. அவர்தம் மொழியில் மற்போரைக் குறிக்கும் சொல் அடியை விலக்கியிருந்தது. இங்கிருந்த சொல் அதனை விலக்கவில்லை. நடுவர் இருந்தும் அடி இருந்தது என்பதால், அடி இருத்தல் விதியின்மைக்குச் சான்றாகாது என்பதும் தெளிவாகிறது.

4. தாலீமின் தோற்றமும் சொற்களின் வரவும்

மராத்தியில் குஸ்தி தொடர்பான கலைச்சொற்கள் இரு அடுக்குகளாக உள்ளன. 'ஆகாடா' என்பது பழைய அடுக்கு. வடமொழி 'அக்ஷவாட' என்பதிலிருந்து பாகதத்தின் வழியே வந்த இச்சொல் போட்டிக்களத்தைக் குறிப்பது. குஸ்தி, பைல்வான், தாலீம், வஸ்தாத் என்பன பாரசீக, அரபு மொழிகளின் வழி வந்த பிற்கால அடுக்கு. இவற்றுள் 'குஸ்தி' என்னும் சொல் இடைக்கச்சையைக் குறிக்கும் பழைய பாரசீகச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்பெறுகிறது. கச்சையைப் பற்றிப் பொருதல் என்னும் முறையால் போருக்கே அப்பெயர் வந்தது. ஆகவே 'மல்' போலன்றி, 'குஸ்தி' பிடியையே தன் பெயரில் கொண்டுள்ளது.

'தாலீம்' என்பது கற்பித்தல் எனப் பொருள்படும் அரபுச்சொல். புணே மராத்தியில் அது பயிற்சிக் கட்டடத்தையே குறிக்கலாயிற்று. களத்தின் பெயராகிய ஆகாடாவுக்கு அருகில் கல்வியின் பெயராகிய தாலீம் வந்து நிலைபெற்றது நோக்கத்தக்கது. அரசவை விநோதமாக ஆண்டிற்கொருமுறை நிகழும் போரிலிருந்து, பேட்டைதோறும் நாள்தோறும் நிகழும் பயிற்சிக்கு மற்போர் மாறியதை இச்சொல்லாட்சி காட்டுகிறது எனக் கருத இடமுண்டு.

இச்சொற்களுட் பல தமிழுக்கும் வந்தன. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நிகழ்ந்த மராத்தியர் ஆட்சி, தக்கணி உருது, தெலுங்கு ஆகிய வழிகள் பலவும் இவ்வரவிற்கு உதவின. குஸ்தி, வஸ்தாது, பயில்வான், தெலுங்கிலும் வழங்கும் கோதா ஆகியன இன்றும் பேச்சில் உள்ளன. 'பயில்வான்' என்பது பாரசீகப் 'பகலவான்' என்பதன் மராத்தி வடிவாகிய 'பைல்வான்' என்பதோடு ஒலியால் நெருங்கியது. ஆயினும் தமிழர் செவியில் அது 'பயில்' என்னும் வினையோடு இயைந்துவிட்டது. பயில்பவன் பயில்வான் என்றே மக்கள் உணர்கின்றனர். மக்கள் வழக்குச் சொற்பிறப்பு வரலாற்று உண்மையன்று. எனினும் மல்லன் என்பான் வலியோன் என்ற நிலைமாறிப் பயிற்சி உடையவன் என்ற கருத்து வேரூன்றியதை அது காட்டுகிறது.

புணேயில் பயிற்சி முறை நுண்மையுற்றதற்கு மல்லகம்பம் சான்று. இரண்டாம் பாஜிராவ் பேசுவாவின் காலத்தில் (1796–1818) பாலம்பட்டதாதா தேவதர் இதனைப் புதுப்பித்தார் என்பது மரபுச்செய்தி. ஐதராபாத்திலிருந்து வந்து அறைகூவிய மல்லர்களை எதிர்கொள்ள இப்பயிற்சி உதவியது என்றும் அம்மரபு கூறும். மானசோல்லாசத்தின் ஸ்தம்பசிரமத்தை இதன் முன்னோடியாகக் கருதுவோர் உளர். கழுத்தும் தலையும் உடையதாகச் செதுக்கப்பெற்ற மரக்கம்பம் எதிரியின் உடலுக்கு ஈடாக நிற்கிறது. பயில்வோன் அதனைக் கட்டிப்பிடிக்கிறான், தொடையால் பற்றுகிறான், தலைகீழாகச் சுழல்கிறான். கம்பத்தைக் குத்திப் பழகும் பயிற்சி இதில் இல்லை. எதிரி என்பவன் பற்றப்படவேண்டிய உடல் என்னும் கருத்தே இதில் முழுமை பெறுகிறது.

5. அடி நீங்கியதன் காரணம்

அடி ஏன் நீங்கியது என்பதற்கு வெற்றியின் இலக்கணத்தை முதலில் நோக்க வேண்டும். வஜ்ரமுஷ்டியில் குருதி காண்பதே வெற்றி. ஆகவே அங்கே பிடி அடிக்குத் துணை. தாலீம் குஸ்தியில் எதிரியின் முதுகும் தோள்களும் மண்ணில் படச்செய்தலே வெற்றி. இதனை மராத்தியில் 'சித்' அல்லது 'சித்பட்' என்பர். ஒருவனை மல்லாத்துவதற்குக் குத்து நேர்வழியன்று. 'மல்லாத்துதல்' என்னும் தமிழ் வினையும் மேனோக்கிக் கிடத்துதலையே குறிக்கும். விதி மாறியபோது அடியின் பயன் குறைந்தது.

இரண்டாவது காரணம் பயிற்சியின் தேவை. நாள்தோறும் முழுவலிமையுடன் ஒருவரோடொருவர் பொருது பயிலவேண்டுமாயின், மறுநாளும் இருவரும் களத்திற்கு வரும் நிலையில் இருத்தல் வேண்டும். பிடியை முழுவலிமையுடன் இட்டும் எதிரியை மண்ணில் மெல்ல இறக்கலாம். முழுவலிமையுடன் முகத்தில் குத்திவிட்டு அவ்வாறு மென்மை காட்ட இயலாது. தாலீம் கல்விக்கூடம் ஆனபோது இவ்வேறுபாடு தீர்மானமான ஒன்றாயிற்று எனலாம்.

இதே காரணம் பிறநாட்டு வரலாற்றிலும் காணப்பெறுகிறது. பண்டைய கிரேக்கர் ஒலிம்பிக் விளையாட்டில் மற்போரைக் கி.மு. 708இலும், குத்துச்சண்டையைக் கி.மு. 688இலும் சேர்த்தனர், இரண்டும் இணைந்த பங்கிராத்தியானைக் கி.மு. 648இல் தனிப்போட்டியாக்கினர். சப்பானில் 1882இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுத்சுவின் தாக்குதல்களை முற்றும் விலக்கவில்லை. 'கதா' என்னும் வரையறுத்த வரிசைகளில் அவற்றை வைத்துக்கொண்டு, 'ராண்டோரி' என்னும் கட்டற்ற பயிற்சியில் மட்டும் நீக்கினார். தடையற்ற பயிற்சியே திறனை வளர்க்கும், அதற்கு இடையூறானவற்றை வேறிடத்தில் வைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆகவே அடியை நீக்கியதால் குஸ்தி தளர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. பட், டாக், கலாஜங்க், தோபிபச்சாட் எனப் பெயர்பெற்ற பிடிகளின் செல்வம் அந்நீக்கத்தின் பயனே. கோலாப்பூரில் சாகு மகாராசரின் ஆதரவில் 1912இல் எழுந்த காஸ்பாக் மைதானமும், 1952இல் ஹெல்சிங்கியில் சாதாரா மாவட்டத்துக் கா. தா. ஜாதவ் பெற்ற வெண்கலப் பதக்கமும், 1961 முதல் நடைபெறும் மகாராஷ்டிர கேசரிப் போட்டியும் இப்பயிற்சி மரபின் விளைவுகளாகும்.

6. எஞ்சிய சுவடுகள்

நீக்கப்பெற்ற அடி முற்றும் மறையவில்லை. இரண்டு இடங்களில் அதன் சுவடு தெளிவாக உள்ளது.

முதலாவது, களம்புகும் மல்லன் தன் தொடையையும் தோளையும் ஓங்கி அறைதல். மராத்தியில் இது 'ஷட்டூ டோக்ணே' எனப்படும். இத்தொடர் அறைகூவுதல் என்னும் பொதுப்பொருளில் அரசியல் செய்திகளிலும் வழங்குகிறது. தமிழில் தொடைதட்டுதல், தோள்தட்டுதல் என்பன இதற்கு இணையானவை. இவையும் அறைகூவற் பொருளிலேயே நிலைத்தன. எதிரிமேல் விழவேண்டிய அடி தன் உடல்மேல் விழுந்து ஓசையாக எஞ்சுகிறது.

இரண்டாவது, 'ரத்தா' என்னும் செயல். கீழே வீழ்ந்த எதிரியின் கழுத்தில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட எலும்பால் உரசியவாறு தாக்குதல் ரத்தா ஆகும். இஃது எந்நிலையில் நிகழ்கிறது என்பது கருதத்தக்கது. முதுகு மண்ணில் படுவதே தோல்வியாதலின், வீழ்ந்தவன் குப்புறக் கிடந்து தன்னைக் காத்துக்கொள்கிறான். விதி அவனுக்கு அந்நிலையைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிட்டது. மேலிருப்பவன் அவனை அசைக்க வேறு வழி தேடும்போது பழைய அடியின் குறுகிய வடிவம் அங்கே புகுகிறது. அடி அனுமதிக்கப்பெற்ற போரில் இதே குப்புறக் கிடக்கும் நிலை மிகவும் இடர்மிக்கதாக இருந்திருக்கும் என்பதை ரத்தா நினைவூட்டுகிறது.

7. தமிழகத்தின் விடை

தமிழகத்தில் இச்சிக்கலுக்கு வேறொரு விடை காணப்பெற்றது. சிலம்ப ஆசான்கள் கற்பிக்கும் வெறுங்கைப் பாடங்கள் குத்துவரிசை, பிடிவரிசை எனப் பெயர் பெறுகின்றன. குமரி மாவட்டத்தில் அடிமுறை என்றும் வர்ம அடி என்றும் வழங்கும் மரபில் அடியோடு 'பூட்டு' எனப்படும் மூட்டுப்பிடிகளும் அவற்றிலிருந்து விடுபடும் முறைகளும் கற்பிக்கப்பெறும். 'வரிசை' என்னும் சொல்லே இம்முறையின் இயல்பை உணர்த்துகிறது. அடியும் தடையும் முன்னரே ஒழுங்கு செய்யப்பெற்றவை. கானோவின் கதாவைப் போன்று, இங்கும் இடர்மிக்க செயல் வரையறையினுள் காக்கப்பெறுகிறது.

வர்ம மரபில் மற்றுமொரு கட்டுப்பாடு உண்டு. 108 எனத் தொகுத்துக் கூறப்பெறும் வர்ம இடங்களைத் தாக்கும் முறையை நம்பத்தக்க மாணவனுக்கே ஆசான் உரைப்பார்; தாக்குதலால் நேர்ந்த கேட்டை நீக்கும் 'இளக்குமுறை'யையும் சேர்த்தே கற்பிப்பார். அடிக்கும் கல்வியும் ஆற்றும் கல்வியும் ஒருவரிடமே இருத்தல் வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

இதுவரை கண்டவற்றை மூன்று விடைகளாகத் தொகுக்கலாம். தாலீம் அடியை விலக்கிப் பயிற்சியைக் கட்டற்றதாக்கியது. வஜ்ரமுஷ்டி அடியை வைத்துக்கொண்டு போரின் முடிவை விரைவுபடுத்தியது. வரிசை மரபு அடியை வைத்துக்கொண்டு பயிற்சியை ஒழுங்குக்குள் அடக்கியது. முழு அடி, முழுக் கட்டின்மை, நீண்ட பயிற்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே எம்மரபும் கொள்ளவில்லை.

8. இன்றைய வினா

1993இல் அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய போட்டிமுறை, 2000–2001இல் நியூ ஜெர்சியில் உருவான பொதுவிதிகளால் கையுறை, எடைப்பிரிவு, தடைசெய்த தாக்குதல்கள் ஆகியவற்றைக் கொண்டதாக மாறியது. இந்தியாவில் 2012இல் மும்பையில் சூப்பர் ஃபைட் லீக் தொடங்கப்பெற்றது. குஸ்தி பயின்ற மகாராஷ்டிரத்தவரான பரத் கண்டாரே 2017 நவம்பரில் ஷாங்காயில் இவ்வகைப் போட்டியில் இறங்கினார். மல்வீராங்கனை ரிது போகட் 2019இல் இத்துறைக்குச் சென்றார். தாலீமிலிருந்து இப்போட்டிகளுக்குச் செல்லும் வழி இவ்வாறு திறந்துவிட்டது.

இவ்வழியில் செல்வோர்க்கு அடியை எவ்வாறு சேர்ப்பது என்பதில் மேற்கூறிய வரலாறு உதவுகிறது. குஸ்திக்காரனின் பழக்கங்களுட் சில, விதியால் காக்கப்பெற்றவை. குப்புறக் கிடத்தல் ஒன்று. எதிரியின் காலைப் பற்றத் தலை தாழ்த்திப் பாயும் 'பட்' மற்றொன்று. முழங்காலால் தாக்குதல் உண்டெனின் அத்தாழ்ந்த தலையே இலக்காகும். எதிரியின் கைகள் இரண்டையும் கருதாது இடையைப் பற்றுதல் மூன்றாவது. ஆகவே முதற்கண் சேர்க்க வேண்டியது அடியின் வலிமையன்று, அடியின் வாய்ப்பே. எந்நிலையில் எக்கை கட்டற்று இருக்கிறது என்பதை உணர்த்துவதற்கு மென்மையாகத் தொட்டுக்காட்டும் அடியே போதும். வரிசை மரபு போல முதலில் ஒழுங்கில் கற்பித்து, பின்னர்க் குறைந்த விசையுடன் கட்டற்ற பயிற்சியில் சேர்க்கலாம்.

விசை குறித்த எச்சரிக்கை வெறும் மரபுப்பற்று அன்று. அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே, மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்ட குத்துச்சண்டை வீரர்களிடம் தோன்றும் மூளைப் பாதிப்பை விவரித்தார். போட்டியில் விழும் அடிகளைவிடப் பயிற்சியில் விழும் அடிகள் எண்ணிக்கையில் மிகுதி. போட்டி ஆண்டில் சிலமுறை வரும். பயிற்சி நாள்தோறும் நிகழும். பதினைந்து வயதில் தாலீமில் சேரும் சிறுவன் இருபத்தைந்து வயதில் எந்நிலையில் இருப்பான் என்பதைப் பயிற்சியே முடிவு செய்கிறது. தாலீம் அடியை நீக்கியபோது காத்தது அவனையே. அதனை மீண்டும் சேர்ப்போர் அக்காவலுக்கு மாற்றாக என்ன வைத்துள்ளனர் என்று பெற்றோரும் மாணவரும் கேட்டல் முறையாகும். ஆற்றும் கல்வியின்றி அடிக்கும் கல்வியைத் தரலாகாது என்னும் வர்ம ஆசான்களின் நெறி இங்கே நினைக்கத்தக்கது.

முடிவுரை

மல், நியுத்தம் ஆகிய பழஞ்சொற்கள் அடியையும் பிடியையும் பிரிக்கவில்லை. குஸ்தி என்னும் சொல் பிடியைப் பெயராகக் கொண்டு வந்தது. தாலீம் என்னும் சொல் அப்பிடியை நாள்தோறும் பயிலும் கல்வியாக்கியது. பிரிவு நேர்ந்தது பயிற்சியின் பொருட்டே. மற்போரின் இயல்பினால் அன்று. இருபதாம் நூற்றாண்டில் தமிழில் 'மல்யுத்தம்', 'குத்துச்சண்டை' என இருவேறு விளையாட்டுப் பெயர்கள் நிலைபெற்றபோது இப்பிரிவு மொழியிலும் உறுதியாயிற்று.

எனினும் பேச்சுத்தமிழ் வேறொன்றைக் காத்துவந்துள்ளது. 'அடிபிடி' என்னும் இணைமொழியில் இரண்டும் ஒட்டியே நிற்கின்றன. மராத்தியின் 'ஹாதாபாயீ' கையையும் காலையும் இவ்வாறே இணைக்கிறது. இன்று புதிய போட்டிக்குத் தமிழில் 'கலப்புத் தற்காப்புக் கலை' எனப் பெயரிடுகின்றனர். கலப்பு என்னும் சொல், முன்னரே பிரிந்து நின்ற இரண்டு பொருள்களை வேண்டி நிற்பது. 'கைகலப்பு' என்னும் பழைய சொல்லில் கலப்பன இரு விளையாட்டுகள் அல்ல; இருவருடைய கைகளே. பயிற்சிமுறை வகுப்போர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வராயின், அடியைப் பிடியோடு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவேண்டிய புதுப்பொருளாகக் கருதமாட்டார்கள். முன்னோர் தக்க காரணம் கருதி அளந்து ஒதுக்கிவைத்த ஒன்றை, அதே அளவோடு திரும்ப எடுக்கும் பொறுப்பாகவே கருதுவர்.